மலை சரிந்த பிறகு வருபவர்கள்

2024 டிசம்பர் 1 மாலை, ஃபெஞ்சல் புயல் மழையில் ஊறிய அண்ணாமலைச் சரிவு வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மீது இறங்கியது. மாண்டோர் எழுவர், அவருள் ஐவர் குழந்தைகள். அதன் பிறகே வல்லுநர்கள் வந்தனர், மண்ணையும் பாறையையும் ஆராய்ந்தனர். டிசம்பர் 13 தீபத்தன்று பக்தர்கள் மலையேறத் தடை விதிக்கப்பட்டது. சரியான முடிவுதான். ஆனால் ஒருநாள் ஏறுபவருக்காகக் கேட்கப்பட்ட கேள்வி, ஆண்டு முழுதும் அடிவாரத்தில் உறங்குபவருக்காக ஏன் முன்னரே கேட்கப்படவில்லை? (மலையே இலிங்கம் என்னும் ஊரில் இப்படிக் கேட்பது அபச்சாரமாகாது என நம்புகிறோம்.)

‘ஆக்கிரமிப்புதானே’ என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். பட்டா இல்லாதவன் தலையில்தான் பாறை விழும் என்பது எந்த நிலவியல்?

மாவட்டப் பேரிடர்த் திட்டத்தை ஆண்டுதோறும் திருத்தவேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டுச் சட்டம். அந்த வேலையோ பட்டாவும் சான்றிதழும் சுமக்கும் வருவாய்த் துறையின் தலையில். அதையே வாழ்நாள் தொழிலாகக் கொள்வோர் வேண்டும். சரிவை அளக்கப் பொறியாளர் போதும். மழையிரவில் ஒரு பாட்டியை வீட்டைவிட்டுக் கிளப்பும் சொல்லுக்குத் தமிழ் படித்தவனும் வேண்டும்.

சென்ற ஆண்டு, ‘பேரிடர் மேலாண்மை படிக்கலாமா ஐயா?’ என்று ஒரு மாணவன் கேட்டான். நாமும்தான், ‘முதலில் குரூப் 4 எழுது’ என்றோம்.