கஞ்சியும் பஞ்சும்

இராஜபாளையத்து நூற்பாலைத் தொழிலாளியின் மகன் நான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். முதலாண்டில் 'பாலிசாக்கரைடு' என்பதைப் பொருள் தெரியாமலே உருப்போட்டு எழுதினேன். மதிப்பெண் வந்தது, அறிவு வரவில்லை.

அப்பாவின் சட்டையில் ஒட்டிவரும் பஞ்சு செல்லுலோஸ். அம்மா ஊற்றும் கஞ்சியில் ஸ்டார்ச். இரண்டும் குளுக்கோஸ் கோத்த சங்கிலிகளே! பிணைப்புதான் வேறு: கஞ்சியில் ஆல்ஃபா, பஞ்சில் பீட்டா. முன்னதை நம் உமிழ்நீரே அறுக்கத் தொடங்கிவிடும். பின்னதை அறுக்க நம்மிடம் நொதி இல்லை. பசித்தவனுக்குப் பஞ்சுமூட்டை உதவாதது இதனால்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா கிண்டக் கிண்டப் பழுப்பேறுகிறதே, அதுவும் பாலின் சர்க்கரையும் புரதமும் சூட்டில் கூடும் பாடந்தான்.

ஆசிரியப் பெருமக்களே, சூத்திரம் எழுதுமுன் பஞ்சையும் ஆறிய கஞ்சியையும் மேசைமேல் வையுங்கள். அயோடின் சொட்டினால் கஞ்சி நீலமாகும், பஞ்சு ஆகாது. கடைசி பெஞ்சுக்கும் அது தெரியும்.