கடிமரம் தடியும் அரசு

பகைநாட்டுள் புகுந்த வேந்தன், அந்நாட்டார் போற்றிக் காத்த கடிமரத்தை வெட்டி வீழ்த்துதல் பண்டைப் போர்முறை. மரத்தைத் தடிபவன் பகைவன், காப்பவன் அரசன். தமிழர் கண்ட அரசியல் இலக்கணம் அத்துணைத் தெளிவுடையது. இற்றை நாளிலோ அது தலைகீழாய்ப் புரண்டுவிட்டது. காக்க வேண்டிய அரசே கோடரி தூக்குகின்றது. காக்க முன்வந்த மாணவரைக் காவலர் இழுத்துச் செல்கின்றனர்.

ஐதராபாத்தில் நிகழ்ந்தது இதுவே. அங்குள்ள நடுவண் பல்கலைக்கழகம் 1974ஆம் ஆண்டு நிறுவப்பெற்றபோது, அதற்கென ஏறத்தாழ 2,300 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது. அதனைச் சார்ந்த கஞ்ச கச்சிபவுலியின் 400 ஏக்கர், மரமும் புதரும் பாறையும் செறிந்து, மயிலுக்கும் புள்ளிமானுக்கும் உறைவிடமாய் விளங்கியது. 2025ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள், தெலுங்கர் உகாதி கொண்டாடிய அன்று, தெலுங்கானா அரசின் தொழில் உள்கட்டமைப்புக் கழகம் அந்நிலத்துள் மண்வாரிப் பொறிகளை இறக்கியது. தடுத்து நின்ற மாணவர் ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் பிடித்துச் செல்லப்பட்டனர். ஏப்பிரல் 3ஆம் நாள் உச்சநயன்மன்றம் தானே முன்வந்து வெட்டுதலை நிறுத்தியது. அதற்குள் ஏறத்தாழ 100 ஏக்கர் மொட்டையாகிவிட்டது.

நிலம் அரசினுடையது, பல்கலைக்கழகத்தினுடையதன்று என்பது ஆட்சியாளர் கூற்று. தனியார் விளையாட்டு நிறுவனமொன்றுக்குத் தரப்பட்டு, 2006இல் அவ்வொதுக்கீடு நீக்கப்பட்டு, 2024 வரை வழக்கில் கிடந்த நிலம் அஃது என்பது மெய்யே. ஆயின், நிலம் யாருடையது என்பது ஒரு வினா. அங்கு நிற்பது காடா அன்றா என்பது வேறொரு வினா. முன்னதற்கு விடை கூறிப் பின்னதை விழுங்குதல் அறமாகாது. கோதவர்மன் வழக்கில் 1996ஆம் ஆண்டு திசம்பர் 12ஆம் நாளே உச்சநயன்மன்றம் தெளிவுறுத்தியது: உடைமை எவருடையதாயினும், அகரமுதலிப் பொருளில் காடாக இருப்பது காடே!

ஐம்பதாயிரம் கோடி உருவா முதலீடு வரும், ஐந்து இலக்கம் பேருக்கு வேலை கிட்டும் என்பது அடுத்த கூற்று. நாளை வேலை தேடப் போகும் இளைஞரே இன்று அக்காட்டின் முன் நின்றனர் என்பதே இதற்குப் போதிய மறுமொழி. கட்டடத்தை வேறிடத்தும் எழுப்பலாம். ஏறத்தாழ இருநூற்றைம்பது கோடி ஆண்டு அகவையுடைய தக்காணப் பாறையை எந்தத் தொழிற்சாலை வார்த்துத் தரும்?

மாணவர் பரப்பியவை பொய்ப்படங்கள் என்பது இன்னொரு கூற்று. கணினி புனைந்த படங்கள் சில உலவியது உண்மையே. ஆனால், உயர்நயன்மன்றப் பதிவாளர் நேரிற் கண்டு அளித்த அறிக்கை புனைந்த படமா? அழிந்த காட்டை மீட்கும் திட்டம் எங்கே என்று ஏப்பிரல் 16ஆம் நாள் உச்சநயன்மன்றம் கேட்டது பொய்ப்படத்தைக் கண்டா?

கஞ்ச என்னும் சொல் தெலுங்கில் மேய்ச்சல் நிலத்தைக் குறிப்பது. ஊர்ப்பெயரே நிலத்தின் இயல்பைக் கூவிச் சொல்ல, ஆவணமோ வெறுநிலம் என்று கைகழுவுகின்றது. சொல்லை இழந்தவன் நிலத்தையும் இழப்பான் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? 1980ஆம் ஆண்டின் காடு காப்புச் சட்டத்தை 2023இல் திருத்திய நடுவணரசு, ஆவணத்தில் ஏறாத காடுகளுக்குரிய காப்பைச் சுருக்கியதோடு அமையவில்லை. அச்சட்டத்தின் பெயரையே ‘வன் சன்ரட்சண் ஏவம் சம்வர்தன் அதிநியம்’ என மாற்றிற்று. காட்டில் வாழும் தமிழனுக்கோ தெலுங்கனுக்கோ கோண்டனுக்கோ இப்பெயர் விளங்குமா? விளங்காத பெயரில் வருவது விளங்காமலே பறித்துச் செல்லும்.

இது தெலுங்கர் சிக்கல் எனத் தமிழ் மாணவர் வாளாவிருத்தல் தகாது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் எழுந்த இடமும் கிண்டிக் காட்டின் ஒரு பகுதியே. கல்லூரி வளாகங்களில் எஞ்சிய குளமும் தோப்பும் நாளை யார் கணக்கில் வெறுநிலமாய் ஏறும் என்பதை எவர் அறிவார்? ஆகலின், ஒவ்வொரு வளாகத்து மாணவரும் தம்மைச் சூழ்ந்த மரம், பறவை, நீர்நிலை அனைத்தையும் அவற்றின் தமிழ்ப்பெயரோடு இன்றே பதிந்து வைத்தல் வேண்டும். பொறிகள் வந்தபின் எழுதும் பட்டியல் இரங்கற்பா. வருமுன் எழுதும் பட்டியலே வழக்கில் நிற்கும் சான்று.

கடிமரம் காத்த இனத்தின் பிள்ளைகள் அதனை எழுதட்டும்!