ஊருக்கொரு பண்டகசாலை

கையிலே பணமிருந்தும் உலை ஏறாத நாட்களை நம் அங்கத்தினர் கண்டிருக்கின்றனர். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுவையருகே கரையேறிற்று. மறுநாட் காலைக்குள், 24 மணி நேரத்தில், 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதனையடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் தென்பெண்ணை கரைபுரண்டு பாகூர்க் கொம்யூன் கிராமங்களுக்குள் புகுந்தது. அரசினர் குடும்ப அட்டை ஒன்றுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தனர். அது வரவேற்கத் தக்கதே. ஆயினும், வெள்ளம் சூழ்ந்த தெருவிலே ரூபாய் அரிசியாவதற்குக் கடை திறந்திருக்க வேண்டுமே!

பணமா, அரிசியா என்ற வழக்கு நமக்குப் புதிதன்று. மத்திய அரசு தன் உணவு மானியத்தை 2015 செப்டம்பர் முதல் புதுவையில் வங்கிக் கணக்கிலே பணமாகச் செலுத்தத் தொடங்கியது. பின்னர் புதுவை அரசின் இலவச அரிசியும் பணமாயிற்று. சிவப்பு அட்டைக்குரிய 20 கிலோவிற்கு 600 ரூபாய். மஞ்சள் அட்டைக்குரிய 10 கிலோவிற்கு 300 ரூபாய். கிலோ 30 ரூபாய்க்கு உண்ணத்தக்க அரிசி எந்தக் கடையிலே கிடைத்தது என்பதை நம் இல்லத்தரசிகளைக் கேட்டால் தெரியும். மூடிக் கிடந்த நியாயவிலைக் கடைகள் 2024 அக்டோபரில், தீபாவளிக்கு முன்னர், மீண்டும் திறக்கப்பட்டன. பலர் நெஞ்சில் பால் வார்த்த செய்தி அது.

கடை திறந்துவிட்டதே, இனி ஊர்ப் பண்டகசாலை எதற்கு என்று நண்பர் சிலர் வினவுகின்றனர். நியாயவிலைக் கடை அட்டையைப் பார்க்கும், காலத்தைப் பார்ப்பதில்லை. நமக்கோ முடை வருங்காலம் தெரிந்ததே. ஐப்பசி, கார்த்திகையில் பாவை விரித்துக் கஞ்சி தோய்க்க வெயில் இராது; தறிக்குழியில் நீர் ஊறும்; தறி நின்றால் கூலியும் நின்றது. அதே மாதங்களில்தான் சம்பா பயிரிட்டவன் கையிருப்பையெல்லாம் வயலிலே போட்டுவிட்டுத் தை அறுவடையை எதிர்நோக்கியிருப்பான். நெசவாளியும் உழவனும் ஒரே நேரத்தில் வெறுங்கையராகின்றனர். வில்லியனூரானாலும் பாகூரானாலும் இதுதான் நிலை.

ஆகவே தையிலே நிறைத்து ஐப்பசியிலே திறக்கும் பண்டகசாலை ஒன்றை நம் சங்கங்கள் நிறுவ வேண்டும் என்பது எமது கருத்து. இது கூட்டுறவுக்குப் புறம்பான காரியமன்று. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் கூடித் திறந்த முதற்கடையில் மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்ற சில பண்டங்களே இருந்தன. அவர்களுள்ளும் பலர் நெசவாளரே. நம் நாட்டிலும் 1996-97இல் கிராமத் தானிய வங்கித் திட்டம் பழங்குடி மக்களுக்கெனத் தொடங்கப்பட்டது. கடனாக எடுத்த தானியத்தை மகசூல் கண்டதும் திருப்பியளப்பது அதன் முறை.

வடலூரில் 1867இல் இராமலிங்க அடிகளார் ஏற்றிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகின்றது. அது அருளறம்; வந்தவர் யாவர்க்கும் சோறு. நாம் கோருவது அதனினும் சிறிய, கணக்குள்ள ஏற்பாடு. உழைக்கும் அங்கத்தினர் பெற்றதை வட்டியின்றித் திருப்பி அளக்கட்டும். முதியோர், கைம்பெண்கள், நோயுற்றோர் ஆகியோரிடம் திரும்பக் கேட்கலாகாது. பெற்றவர் பெயரைப் பலகையில் எழுதுதலும், அரிசிப் பையை நீட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளுதலும் அறவே கூடா. நேற்றுக் கொடுத்தவர் நாளை வாங்க வரக்கூடும். தறிக்கும் வயலுக்கும் அவ்வுறுதி இல்லை.

நிறைப்பது எவ்வாறு? உழவர் களத்திலேயே நெல்லளக்கலாம். நெசவுக் குடும்பங்கள், நம் பாட்டிமார் செய்ததுபோல், உலையிலிடுமுன் நாளும் ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் இட்டு வரலாம். அரிசியை நெடுநாள் வைத்தால் வண்டு பிடிக்கும்; நெல்லாக வைப்பதே நன்று. ஆனால் அடைமழையில் நெல்லை அவித்துக் காயவைக்க இயலாது. ஆதலின் புரட்டாசி வெயிலிலேயே ஒரு பகுதியை அரைத்து வைத்துக்கொள்ளுதல் வேண்டும். இருப்பறையின் தளம் 2024 வெள்ளத்தின் மட்டத்திற்கு மேல் உயர்ந்திருத்தல் இன்றியமையாதது. அம்மட்டம் பல வீட்டுச் சுவர்களில் கறையாக நின்றது. அதைக் கண்டவர்களைக் கேட்டே இடம் தேர்க.

அடுத்த பொதுச்சபையில் இதனை விவாதத்திற்கு எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாக சபையாரை வேண்டுகிறோம். வரவு, இருப்பு, பற்று ஆகியவற்றை எழுதும் பொறுப்பு நெசவாளர் ஒருவரிடமும், சாவி உழவர் ஒருவரிடமும் இருப்பது நலம்.