மரபு எண்டு விற்கப்பட்ட கல்

நிச்சயதார்த்தத்துக்கு வைர மோதிரம் போடுவது இப்ப ‘மரபு’ எண்டு கதைக்கிறார்கள். யாருடைய மரபு, அதுக்கு எத்தனை வயது எண்டு கேட்டால் பதில் இல்லை. பணக்கார வீடுகளில் முன்பும் இருந்திருக்கலாம். சம்பளக்காரர் வரைக்கும் அதைக் கொண்டுவந்தது ஒரு கம்பனி எண்டு நாங்கள் சொல்கிறோம்.

1870களில் தென்னாபிரிக்காவின் கிம்பர்லிப் பக்கம் வைரம் அள்ள அள்ள வந்தது. கல் மலிந்தால் விலை விழும். 1888இல் சுரங்கங்களை ஒரே கைக்குள் சேர்க்க டீ பியர்ஸ் உருவானது. பிறகு சந்தைக்கு எவ்வளவு கல் போகலாம் எண்டதை நெடுங்காலம் அதுவே தீர்மானித்தது. நாங்கள் அபூர்வம் எண்டு நம்பினதில் பெரும்பங்கு பூட்டி வைத்த அபூர்வம்.

1938இல் அமெரிக்காவில் விற்பனையைத் தூக்க என்.டபிள்யூ. அயர் எண்ட விளம்பர நிறுவனத்தைப் பிடித்தார்கள். அங்கே வேலைசெய்த பிரான்சிஸ் ஜெரிட்டி 1947இல், வைரம் என்றென்றைக்கும் உரியது எண்ட வாசகத்தை எழுதினார். கேட்கக் காதல் மாதிரித்தான் இருக்கும். வியாபாரத்துக்கு அதன் பயன் வேறு: வாங்கினதைத் திருப்பி விற்காதே. பழைய கல்லெல்லாம் சந்தைக்கு வந்தால் புதுக் கல்லை ஆர் வாங்குவது?

யப்பானைப் பாருங்கோ. 1967இல் அங்கே வைர மோதிரம் பெற்ற மணப்பெண்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. விளம்பரம் போய்ச் சேர்ந்தது. 1981இல் ஏறத்தாழ அறுபது பேர். பதினாலு வருசத்தில் ஒரு ‘மரபு’ முளைத்துவிட்டது.

1980களில் இரண்டு மாதச் சம்பளத்தை மோதிரத்துக்கு அளவாக வைத்தும் விளம்பரம் செய்தார்கள். அன்பை அளக்கச் சம்பளச் சீட்டு! சீதனத்தை எதிர்த்துக் கதைக்கிற எங்களுக்கு, இதுவும் கல்யாணத்தில் தொங்கவிட்ட விலைச்சீட்டுத்தான் எண்டு விளங்க வேண்டாமா?

‘அது அவரவர் தெரிவு’ எண்டு சிலர் சொல்வார்கள். சரி. ஆனால் வாங்காவிட்டால் மரியாதை போய்விடும் எண்ட பயத்தில் வாங்குவதைத் தெரிவு எண்டு சொல்ல ஏலாது. பவுண் எண்டாலும் ஆபத்துக்கு அடைவு வைக்கலாம். அங்கே நிறுப்பது பொன்னைத்தான், கல்லின் எடையைக் கழித்துவிடுவார்கள். அந்தக் கல்லுக்காக வாங்கின கடனை மட்டும் ஆரும் கழிக்கமாட்டார்கள்.

விருப்பமும் கையில் காசும் இருந்தால் வாங்குங்கோ. கடன்பட்டு வாங்காதேங்கோ. வெறும் விரலோட வருகிற பெண்ணையும் வாங்கிக் குடுக்க ஏலாத பெடியனையும் குறைவாய்ப் பார்க்காதேங்கோ. முக்கியமாக, விளம்பரத்தை மரபு எண்டு தம்பி தங்கச்சிமாருக்குச் சொல்லிக் குடுக்காதேங்கோ.