பின்னால் விழும் பந்து

2021 ஆகஸ்ட் 7. டோக்கியோ அருகே கசுமிகசெகி மைதானத்தில் ஒலிம்பிக் கோல்ஃபின் கடைசிச் சுற்று. பெங்களூர் பெண் அதிதி அசோக், அப்போது உலகின் முதல்நிலை வீராங்கனையாக இருந்த அமெரிக்காவின் நெல்லி கோர்டாவுடன் ஒரே குழுவில் ஆடினார். முதல் அடி முடிந்து நடக்கும்போது, பெரும்பாலும் அதிதியின் பந்துதான் பல கஜம் பின்னால் கிடந்தது. இருந்தும், நான்கு நாள் கணக்கு முடிந்தபோது கோர்டா 267, அதிதி 269.

இந்தப் புதிருக்கு விடை அவரது பையில் இருக்கிறது. 14 மட்டைகளுக்கு மேல் கூடாது என்பது விதி. ஒவ்வொன்றுக்கும் வீச்சு வேறு. ஏறக்குறைய 45 அங்குல நீளமுள்ள ட்ரைவருக்கு, சிறு முளைமேல் பந்தை ஏற்றி, முன்காலின் குதிகாலுக்கு நேராக வைக்கிறார்கள். மட்டை தாழ்ந்து மீண்டும் மேலெழும் தருணத்தில் அடி விழுந்தால் நல்லது. அயர்னில் கதை தலைகீழ். பந்து காலிடைவெளியின் நடுப்பக்கம் நகர்கிறது. இறங்கும் மட்டை முதலில் பந்தையும் பிறகு மண்ணையும் தொட வேண்டும். புல்திட்டு பெயர்ந்து பறந்தால் தோட்டக்காரர் வருந்தலாம், பயிற்சியாளர் வருந்தமாட்டார்.

ஹைப்ரிட் இரண்டுக்கும் இடைப்பட்ட சாதி. அதிதியின் சிரமமும் சாமர்த்தியமும் இங்கேதான். கோர்டா சிறிய அயர்னை எடுத்து உயரத் தூக்கிப்போடும் குழிகளில் இவர் ஹைப்ரிட்டை உருவ நேர்ந்தது. நீண்ட மட்டையிலிருந்து புறப்படும் பந்து தாழப் பறக்கும், விழுந்தபின் உருளும். குழியைச் சுற்றியுள்ள கிரீனில் அதை நிற்க வைப்பது லேசான காரியமல்ல. ட்ரைவரில் இழந்த கஜங்களுக்கான வட்டியை அடுத்த அடி கட்டியது.

கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே உள்ள பெங்களூரின் மெல்லிய காற்றில் பந்து சற்றுக் கூடுதலாகவே பறக்கும். அங்கே, கர்நாடக கோல்ஃப் சங்க மைதானத்தில், 5 வயதில் மட்டை பிடித்தவருக்குத் தூரமே குறையாக அமைந்தது விசித்திரம்தான். போதாததற்கு 2021-இல் கொரோனா வேறு வந்து அவரது பலத்தைக் குறைத்திருந்தது.

கடனை அடைத்தது பட்டர் (வெண்ணெயல்ல, கிரீனில் பந்தை உருட்டும் மட்டை). இதில் மணிக்கட்டுக்கு வேலையில்லை. தோள்கள் மட்டும் கடிகார ஊசலாக அசைய வேண்டும். பலம் வேண்டாம், பதற்றமும் கூடாது. அந்த வாரம் அதிதியைவிட நன்றாகப் பட்டர் பிடித்தவர்கள் இருந்திருந்தால் மிகச் சிலரே.

ஜப்பானின் மோனே இனாமியும் நியூசிலாந்தின் லிடியா கோவும் 268-இல் முடித்தார்கள். 18-ஆம் குழியில், தாய் மகேஸ்வரி பையுடன் நிற்க, அதிதி தொலைவிலிருந்து உருட்டிய பந்து உள்ளே போயிருந்தால் அவருக்கும் 268. அது குழியைத் தாண்டிச் சென்றது. நான்காமிடம்.