பள்ளிக்கூடப் படத்தின் முதல் ஷாட் எந்தத் தெரு?

நாம் பார்க்கும் பள்ளிக்கூடப் படங்களின் டைட்டில் பெரும்பாலும் ஒரே வார்ப்புதான். மணி அடிக்கும், சைக்கிள்கள் வரும், பிரேயரில் சீருடை வரிசையாக நிற்கும். கேட்டைத் தாண்டியதும் எல்லாரும் வெறும் 'மாணவர்கள்'. எந்தத் தெருவிலிருந்து கிளம்பி வந்தார்கள் என்று கேமரா கேட்பதில்லை.

'பரியேறும் பெருமாள்' (2018) சட்டக்கல்லூரிக் கதை. ஆனாலும் பாடம் அதில்தான் இருக்கிறது. கருப்பி தண்டவாளத்தில் கட்டப்பட்டுச் சாகிறது. அதை அழுது முடித்த பிறகுதான் மாரி செல்வராஜ் நம்மைக் கல்லூரிக்குக் கூட்டிப்போகிறார். நாகராஜ் மஞ்சுளேயின் மராத்திப் படம் 'ஃபன்ட்ரி'யும் (2013) வகுப்பறையில் தொடங்கவில்லை. மாணவன் ஜப்யா கவணோடு குருவி தேடுகிறான்.

கொமரலிங்கம் தோழர்களே, பிடித்த பள்ளிப்படம் ஒன்றின் டைட்டிலை ஷாட் ஷாட்டாக எழுதுங்கள். அதே நீளத்தில் செல்போனில் திரும்ப எடுங்கள். முதல் ஷாட் மட்டும் உங்கள் தெருவாக இருக்கட்டும். மணிக்கட்டுக் கயிறுகளுக்கு குளோசப் வையுங்கள். 2023இல் நாங்குநேரியில் தலித் மாணவரைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, தடை செய்யச் சொன்ன கயிறுகள் அவை. (முகம் வேண்டாம். மாட்டுவது கயிறு கட்டியவன் அல்ல, படம் எடுத்தவன்தான்.)

ஒன்றைச் சேர்க்காதீர்கள். இந்த ஊர்ச் சங்கர், பொறியியல் மாணவர், சாதி மறுப்புத் திருமணம் செய்ததற்காக 2016 மார்ச் 13 அன்று உடுமலையில் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த சிசிடிவி காட்சியில் இருப்பது அவர் வெட்டப்படுவதுதான். அவர் படிக்கக் கிளம்பிய ஊர்ச் சாலையை எடுங்கள். படத்தின் பெயர் அதன்மேல் வரட்டும்.