அண்ணனின் முறை

குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவின் வெளியே, பள்ளிச் சீருடையோடு காத்திருக்கும் சிறுவனையோ சிறுமியையோ பலரும் கண்டிருப்போம். பார்க்க வரும் உறவினர்கள் அப்பிள்ளையிடம் கேட்பது, “தம்பி எப்படி இருக்கிறான்?” என்பதே. “நீ எப்படி இருக்கிறாய்?” என்று கேட்போர் அரிது.

அமெரிக்க எழுத்தாளர் ஜோர்டன் சோனன்பிளிக் 2004இல் வெளியிட்ட ‘ட்ரம்ஸ், கேர்ள்ஸ் அண்ட் டேஞ்சரஸ் பை’ என்னும் நாவல் அந்த இரண்டாவது கேள்வியைத்தான் கேட்கிறது. பள்ளி ஆசிரியரான அவர், தம்பி புற்றுநோயுற்ற ஒரு மாணவிக்கு ஏற்ற நூல் கிடைக்காமையால் தாமே எழுதிய நூல் இது.

கதையைச் சொல்பவன் 13 வயது ஸ்டீவன். ட்ரம்ஸ் வாசிப்பதில் பித்துக் கொண்டவன். ஐந்து வயதுத் தம்பி ஜெஃப்ரி சமையலறையில் ஸ்டூலிலிருந்து விழுகிறான். மூக்கிலிருந்து இரத்தம் கொட்டுகிறது. பரிசோதனையில் இரத்தப் புற்றுநோய் என்று தெரியவருகிறது. தன் கவனக்குறைவே காரணமோ என்று அண்ணன் மருகுகிறான். தாய் வேலையை விட்டுவிட்டுச் சிகிச்சைக்கு அலைகிறார். தந்தை மௌனத்துள் ஒடுங்குகிறார். ஸ்டீவன் வீட்டுப்பாடம் எழுதுவதையே நிறுத்திவிட்டதை இருவரும் கவனிப்பதில்லை.

இத்தகைய நூல்கள் பிள்ளைகளின் மனத்தைக் கலக்கும் என்று சிலர் அஞ்சுகின்றனர். நான் உடன்படவில்லை. கலக்கம் அவர்களிடம் முன்பே இருக்கிறது, சொல்லத்தான் வழியில்லை. தம்பியிடம் உயிரையே வைத்திருக்கும் ஸ்டீவன், அதே தம்பிமீது பொறாமையும் கொள்கிறான். அதை ஒளிக்காமல் எழுதியதே இந்நூலின் நேர்மை. நகைச்சுவையும் நிறைய உண்டு. சில இடங்களில் சற்று மிகையென்றும் தோன்றியது.

குழந்தைகளைத் தாக்கும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது ஜெஃப்ரிக்கு வந்த லிம்போபிளாஸ்டிக் வகை இரத்தப் புற்றுநோயே. சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். அண்ணனுக்கோ அக்காளுக்கோ அது பள்ளிப் பருவத்தின் பெரும்பகுதி. “நீ சண்டையிட்டதால் இது வரவில்லை, உனக்கு ஒட்டிக்கொள்ளவும் செய்யாது” என்னும் இரு செய்திகளையேனும் பெற்றோர் அவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வகுப்பாசிரியருக்கும் நிலைமையைத் தெரிவித்துவிடுவது நல்லது. ஆங்கிலம் வாசிக்கும் பதின்வயதுப் பிள்ளைகளிடம் இந்நூலைக் கொடுக்கலாம். மற்றவர்களுக்குக் கதையாகச் சொல்லலாம்.

2010இல் இதன் தொடர்ச்சி வெளிவந்தது. அதில் ஜெஃப்ரி பிழைத்து எட்டாம் வகுப்பில் படிக்கிறான்; இம்முறை கதை சொல்பவன் அவனே. அண்ணன் ஸ்டீவனோ எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ட்ரம்ஸ் வாசிக்க ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கிறான்.